பலகையைத் துடைக்கும் முன்

பாய்மரப் படகுக்காரர்கள் படிக்கும் பத்திரிகை ஒன்று, வாசகர் அனுப்பும் யோசனைகளில் சிறந்ததற்குப் பரிசு தருகிறது. இந்த முறை பரிசு வாங்கியது ஒரு வெள்ளை ஃபார்மைக்கா துண்டு. கேபின் வாசலையொட்டி, சுக்கான் பிடிப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் அதை ஒட்டிவிட வேண்டும். போகும் திசை, ஓடிய தூரம், இருக்கும் இடம் எல்லாவற்றையும் மெழுகுப் பென்சிலால் எழுத வேண்டும். அடுத்த மணிக்குத் துடைத்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். இனி பயணத்தைப் பதியும் லாக் புத்தகமே தேவையில்லை என்று முடிகிறது பரிசுக் குறிப்பு. அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

பலகையின் வசதி எனக்கும் தெரியும். முப்பதடிப் படகில் மேசை என்பது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். படகு சாய்ந்து குலுங்கும்போது உள்ளே இறங்கிக் குனிந்து எழுதினால் பாதிப் பேருக்குக் குமட்டும். சொட்டச் சொட்ட நனைந்த கையில் புத்தகம் கூழாகும். அன்றைய ஓத நேரம், அடுத்த மிதவையின் பெயர், துறைமுக ரேடியோ அலைவரிசை ஆகியவற்றுக்குப் பலகை மிக நல்லது. பிளாஸ்டிக் டப்பா மூடியிலும் ஃபைபர்கிளாஸ் சுவரிலும் நானே எழுதியிருக்கிறேன். இரவில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் சிவப்புப் பென்சில் எழுத்து கண்ணுக்கே தெரியாது என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

என் சண்டை துடைப்பதோடுதான். பல வருடங்களாக இதையே சொல்லி வருகிறேன். காற்றழுத்தமானி 1008 காட்டுகிறது. பலகையில் 1008 என்று எழுதுகிறோம். அதனால் என்ன தெரிகிறது? ஒன்றுமே இல்லை. அதற்கு மேலே 1011, அதற்கும் மேலே 1014 என்று மணிக்கொரு எண் இருந்தால், பாயைச் சுருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தெரியும். மூன்று மணி நேரத்தில் 6 மில்லிபாருக்கு மேல் இறங்கினால் பிரிட்டிஷ் வானிலை அறிக்கை அதை 'மிக வேகமான' வீழ்ச்சி என்கிறது. இங்கே இரண்டே மணி நேரத்தில் 6 போயிருக்கிறது. துடைத்த பலகை அதைச் சொல்லாது.

இங்கிலாந்தின் நீடில்ஸ் பாறைகளை விட்டு பிரான்ஸின் ஷெர்பூருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்த ஓர் இரவு. படகு தெற்கே ஐந்து நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அட்சரேகை 50° 12'. களைப்பில் நான் 50° 21' என்று எழுதிவிட்டேன். முந்தைய மணிக்கு எழுதியிருந்த 50° 17' என் சட்டைக் கையோடு போயிருந்தது. அது மேலே இருந்திருந்தால் எவரும் பார்த்த மாத்திரத்தில் பிடித்திருப்பார்: தெற்கே போகும் படகு வடக்கே நான்கு மைல் எப்படி ஏறும்? முறை மாறி வந்த நண்பர் என் எண்ணை நம்பி வரைபடத்தில் புள்ளி வைத்தார். ஒன்பது மைல் பிசகு. சரக்குக் கப்பல்கள் ஓடும் பாதைக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று தேநீர் போட்டுக்கொண்டிருந்தோம். பெரிய கப்பலின் விளக்குகள் அருகிலேயே எழுந்தன.

அந்தக் காலக் கப்பல்களிலும் சிலேட்தானே இருந்தது என்கிறார்கள். இருந்தது. துளையும் முளையும் கொண்ட மரப்பலகையும் இருந்தது. அரை மணிக்கொரு முளை, நான்கு மணி நேரக் காவல் முடியும்வரை. ஆனால் காவல் முடிந்ததும் கணக்கைக் குறித்துக்கொண்ட பிறகே முளைகளைப் பிடுங்கினார்கள். சிலேட்டில் இருந்ததும் லாக் புத்தகத்துக்குப் போன பிறகே அழிந்தது. அந்த மரபில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மரபு என்று சொல்வது நியாயமில்லை.

நனையும் என்பதும் சாக்கே. 1916 ஏப்ரலில் மாலுமி ஃபிராங்க் வொர்ஸ்லி இருபத்திரண்டரை அடி 'ஜேம்ஸ் கேர்ட்' படகில், அன்டார்க்டிக் கடலின் எலிஃபன்ட் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியாவுக்குச் சுமார் 800 கடல் மைல் வழி கண்டார். சூரியன் தலைகாட்டியதே சில தடவைதான். நனைந்த பக்கங்களில் பென்சிலால் கணக்குப் போட்டார். அந்த நோட்டு இன்றும் நியூசிலாந்தின் கேன்டர்பரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூறு வருடம் கழித்து ஆய்வாளர்கள் அவர் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அவரிடம் வெள்ளைப் பலகை இருந்திருந்தால் பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்?

தடத்தை ஜி.பி.எஸ். திரை காப்பாற்றும் என்பவர்கள், பேட்டரி தீர்ந்த இரவொன்றை இன்னும் பார்க்கவில்லை.

கிடைத்ததில் எழுதுவது என்றால், மாஸ்கிங் டேப்பை மட்டும் ஏற்பேன். கிளம்பும் முன், சுவர் காய்ந்திருக்கும்போதே ஒரு முழம் ஒட்டிவிடுகிறேன். நேரம், திசை, தூரம், அழுத்தம் என்று வரிக்குக் கீழ் வரியாகப் பென்சிலால் இறங்குகிறது. தப்பு நேர்ந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்துகிறேன். துறைமுகம் சேர்ந்ததும் உரித்து நோட்டில் ஒட்டுகிறேன். பக்கங்கள் உப்பில் விறைத்து, ஓரம் சுருண்டிருக்கின்றன. எண்களை இன்னும் படிக்க முடிகிறது.