ஏட்டில் இல்லாத குற்றம்

மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்திலுள்ள தலைமுறை அட்டவணையை நம்மில் பலர் விரைந்து கடந்துவிடுகிறோம். அதில் தாமார் இருக்கிறார், இராகாபு இருக்கிறார். பத்சேபாவோ உரியாவின் மனைவி என்றே குறிக்கப்படுகிறார். தாவீதின் பாவத்தை அக்குறிப்பு மறைக்க விடுவதில்லை. மீட்பரின் குலமரபிலும் களங்கத்தை அழிக்காத நற்செய்தியாளரின் துணிவை, கேட் கிரென்வில் எழுதிய 'சர்ச்சிங் ஃபார் தி சீக்ரெட் ரிவர்' (2006) என்னும் ஆங்கில நூலைப் படித்தபோது மீண்டும் நினைத்துக்கொண்டோம்.

ஆஸ்திரேலிய நாவலாசிரியையான கிரென்வில், தம் தாய்வழி மூதாதையான சாலமன் வைஸ்மேனைத் தேடிச் சென்ற வரலாறே இந்நூல். வைஸ்மேன், தேம்ஸ் நதியில் சரக்குப் படகு செலுத்தியவர். 1805இல் மரக்கட்டைகளைத் திருடியதற்காக, இலண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை குறைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்ட அவர், 1806இல் நியூ சவுத் வேல்ஸ் வந்து சேர்ந்தார். பின்னர் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் நிலமும் செல்வமும் கண்டார். அவரது படகுத்துறை இருந்த இடம் இன்றும் 'வைஸ்மேன்ஸ் ஃபெரி' என்றே வழங்குகிறது.

1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,60,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்தம் வழிவந்தோர் அதை நெடுங்காலம் மறைத்தனர். இன்றோ நிலை மாறிவிட்டது. ஓல்ட் பெய்லியின் 1674 முதல் 1913 வரையிலான வழக்குப் பதிவுகளையும் பழைய செய்தித்தாள்களையும் வீட்டிலிருந்தே கணினியில் தேடலாம். கைதியான பாட்டனார் பெருமைக்குரியவராகிவிட்டார். இருநூறு ஆண்டுகள் கடந்த களவு சுவையான கதையாகிறது.

கிரென்வில் இந்த எளிய மகிழ்ச்சியில் நின்றுவிடவில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம், சிட்னி துறைமுகப் பாலத்தில் நடந்த ஒப்புரவு நடைப்பயணத்தில், ஒரு பழங்குடிப் பெண்ணின் பார்வை அவரைச் சந்தித்தது. தம் மூதாதை ஆற்றங்கரைக்கு வந்தபோது அங்கு யார் இருந்தார்கள் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. அவர் நிலத்தை 'எடுத்துக்கொண்டார்' என்பது குடும்பக் கதை. யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்? திருடிய மரக்கட்டைகளுக்கு நீதிமன்ற ஏடு சான்று சொல்கிறது. நிலத்தை இழந்தவர்களைப் பற்றிக் கேட்டால் ஏடுகள் வாய்மூடிக்கொள்கின்றன. அரசு எதைக் குற்றம் என்றதோ அதுவே குற்றப்பதிவில் ஏறியது. உடையவனிடம் திருடியதற்கு வழக்கு உண்டு. உரிமை மறுக்கப்பட்டவனிடம் பறித்ததற்கு வழக்கே இல்லை. இதை உணர்த்துவதே நூலின் தலைசிறந்த பகுதி.

ஆவணம் நின்ற இடத்தில் ஆசிரியை கற்பனையைத் துணைக்கொண்டார். 'தி சீக்ரெட் ரிவர்' (2005) நாவலில் வைஸ்மேன், வில்லியம் தார்ன்ஹில் ஆகிறார். பழங்குடியினரின் படுகொலையில் பங்கேற்கிறார். வைஸ்மேன் அவ்வாறு செய்ததற்குச் சான்றில்லை. வரலாற்று அறிஞர் இங்கா கிளென்டினன் 2006இல் இத்தகைய கற்பனையைக் கடுமையாக விமர்சித்தார். அக்கவலை நியாயமானதே. சான்றின்றி இறந்தவர்மீது பழி சுமத்துவதும் பொய்ச்சான்றாகும். ஆனால் பெயரை மாற்றியதாலும், கண்டது எது, கற்பித்தது எது எனத் தனி நூலில் திறந்து சொன்னதாலும் ஆசிரியை அப்பழியிலிருந்து தப்புகிறார். வேறொரு குறைதான் நம்மை உறுத்துகிறது. பழங்குடியினரின் உள்ளத்துள் நுழையத் தமக்கு உரிமையில்லை என அவர் ஒதுங்கி நிற்கிறார். அந்தப் பணிவு போற்றத்தக்கது. எனினும், ஏட்டில் பேசாதவர்கள் நாவலிலும் பேசாமலேயே போகிறார்கள்.

இந்நூல் நம்மையும் கேள்வி கேட்கிறது. ஆலயம் கட்டிய முன்னோரைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம். பங்கின் திருமுழுக்கு ஏட்டில் அவர்கள் பெயரைத் தேடுகிறோம். அதே முன்னோர், ஆலயத்தினுள் யாரைத் தனியே நிறுத்தினார்கள், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு இடம் மறுத்தார்கள் என்று தேடியதுண்டா? அவர்கள் பாவத்துக்கு நாம் குற்றவாளிகள் அல்லர். ஆனால் அதன் பயனை இன்றும் துய்த்துக்கொண்டு, அறியாதவர்போல் இருப்போமானால், அந்தப் பாவம் நம்முடையதே.