ஆபுத்திரனும் ஆவும்: அருளா, நட்பா?

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை வேள்வி மறுப்புக்கும் பசிப்பிணி தீர்க்கும் அறத்துக்கும் சான்றாகவே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. அது தவறன்று. எனினும், மனிதனுக்கும் விலங்குக்கும் இடையிலுள்ள உறவு எத்தகையது என்ற வினாவும் அக்கதையின் நடுவே கிடக்கிறது. அருள் என்ற ஒரு சொல்லால் அதனை மூடிவிட்டு அப்பாற் செல்லுதல் எளிது. சாத்தனாரின் சொற்கள் அதற்கு இடந்தரவில்லை.

சாலி என்பவள் வழியிடையே தோட்டமொன்றில் விட்டுச்சென்ற குழந்தையை, ஏழு நாள் நாவால் நக்கியும் பாலூட்டியும் காத்தது ஒரு பசு. இங்கே முதலிற் கொடுப்பது விலங்கு, பெறுபவன் மனிதன். பின்னொரு நாள் வேள்விச் சாலையில், கொம்பில் மாலை சூட்டிக் கட்டப்பட்டிருந்த பசுவொன்றைக் கண்டு, அதனை இரவிலே மீட்டுச் செல்கிறான் ஆபுத்திரன். அவனைப் பாலூட்டிக் காத்த பசு இதுவெனக் காப்பியம் கூறவில்லை. அந்தணர் துரத்திப் பிடித்து அவனைக் கோலால் அடிக்கின்றனர். அப்பசு வாளா நிற்கவில்லை. அவனை அலைத்து நின்ற உவாத்தியைக் குடர் சரியக் குத்திவிட்டுக் காட்டினுட் பாய்கிறது. வாயில்லாச் சீவன் என்று இரங்கத்தக்க பொருளாகச் சாத்தனார் அதனைப் படைக்கவில்லை என்பது இவ்வோரிடத்தாலேயே தெளிவாகும்.

அதன் பின்னர் அவன் பேசுவது நோக்கற்பாலது. கொலையின் பாவத்தை அவன் விரித்துரைக்கவில்லை. பொதுநிலத்துப் புல்லை மேய்ந்து, அருள் சுரந்து மக்களுக்குப் பால் தரும் இதனோடு உங்களுக்கு என்ன செற்றம் என்று கேட்கிறான். அருள் என்னும் சொல் இங்கே மனிதனுக்கன்றிப் பசுவுக்கு உரியதாகிறது. செற்றம் என்னும் சொல் அதனினும் கூரியது. கல்லோடு எவருக்கும் பகை இல்லை. பகைக்கு இடமுண்டு என்றால் அங்கே நட்புக்கும் இடமுண்டு. பசுவின் மகன் என்று அவர்கள் இகழ்ந்தபோது அவன் நாணாமல், விலங்கின் வயிற்றிற் பிறந்த முனிவரை ஒவ்வொருவராக எண்ணிக் காட்டியதும் இத்துணிவினாலேயே.

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் இதற்கு நேர்மாறான கருத்தினர். குதிரையோடும் எருதோடும் நட்பு இயலாது, இரு தரத்தார்க்கும் பொதுவானது ஏதுமில்லை என்று நிகோமாக்கிய அறநூலின் எட்டாம் பகுதியில் அவர் எழுதினார். அடிமையையும், அடிமை என்ற அளவில், அதே வரிசையில் நிறுத்தினார். அவ்வரிசையே அவருடைய நியாயத்தை ஐயத்துக்குள்ளாக்குகிறது. ஒருவனைக் கருவியாக்கிய பின்னர் அவனோடு பொதுவானது ஏதுமில்லை என்பது எவ்வாறு பொருந்தும்? எனினும், நட்புக்கு இரு பாலும் கொடுத்தலும் கொள்ளுதலும் வேண்டும் என்ற அவரது அளவுகோல் தள்ளத்தக்கதன்று. அவ்வளவுகோலின்படி, மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் செயல் கொடையே, நட்பன்று. மயில் கேட்கவுமில்லை, மீளத் தரவுமில்லை. ஆபுத்திரனோ தான் பெற்ற கடனை அவ்வினத்துக்குத் திருப்பிச் செலுத்தியவன்.

இத்தனை தூரம் வந்த காப்பியம் பின்னர் சற்றே பின்வாங்குகிறது. குழந்தையைக் காத்த பசு சாவக நாட்டிற் பொற்கொம்பும் பொற்குளம்பும் பெற்றுப் பிறக்கிறது. அதன் வயிற்றிலே ஆபுத்திரன் மறுபிறவி எடுக்கிறான். வினைப்பயன் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. ஆனால் தோட்டத்தில் நக்கிக் கொடுத்த அந்த வெறும் பசு பொன்னுக்குள் மறைந்துவிட்டது. மணிபல்லவத்து நிகழ்ச்சி இதனினும் பெருங்குறை. நாவாயினர் அறியாது விட்டுச்சென்ற தீவிலே, பிறரை ஊட்டவேண்டிய அமுதசுரபி தன் ஒருயிரை மட்டும் ஓம்புவதைப் பொறாது, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணா நோன்பால் உயிர் துறக்கிறான். மதுரையில் அவன் ஊட்டியபோது மக்களோடு மாவும் பறவையும் சூழ்ந்தன என்று பாடியவர் சாத்தனார். அதே மணிபல்லவத் துறையில், அன்னம் அரசனாகப் பன்னிறப் புள்ளினம் பாசறை போற் குழுமியிருந்ததை எட்டாம் காதையில் வருணித்தவரும் அவரே. அப்பறவைகள் அன்று ஆபுத்திரன் கண்ணிற் படவில்லை. மனிதர் இல்லாத இடம் உயிரில்லாத இடமாகிவிட்டது. பசுவின் முகம் என்று பொருள்படும் பெயருடைய பொய்கையின் கரையிலே இது நேர்ந்தமைதான் வியப்பு.

மணிபல்லவம் நயினாதீவே என்பாரும் உளர்; மறுப்பாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறாயினும், நயினாதீவுக்குத் தென்மேற்கே கிடக்கும் நெடுந்தீவில் அரிஸ்டோட்டில் எடுத்துக்காட்டிய அதே விலங்கு காத்திருக்கிறது. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் அங்கு வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டின்றித் திரிகின்றன. ஏறிச் செலுத்துவோர் இல்லை, சுமையும் இல்லை. பயன் கருதிய உறவு அறுந்துவிட்டது. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இருந்தும் வரட்சிக் காலத்தில் குளங்குட்டைகள் வற்றும்போது குதிரைகள் மடிகின்றன. அவற்றுக்குக் கிணற்று நீரை அள்ளித் தொட்டியில் வார்ப்பவர் பேகனைப் போல் வார்க்கிறாரா, ஆபுத்திரனைப் போல் வார்க்கிறாரா என்பது, அவற்றின் முன்னோர் சுமந்த சுமை அவர் நினைவில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.