பத்து சி.சி.யும் ஒரு கிலோவும்

மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு எஞ்சின் லேப் என்றதும் காதை அடைக்கும் அந்த ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின்தான் நினைவுக்கு வரும். 5 குதிரைத்திறன், 1500 சுற்று. டிரம்மில் கயிற்றைச் சுற்றி எடை தொங்கவிட்டிருப்பார்கள். ஒருவன் டிரம் சூடேறாமல் தண்ணீர் விடுவான். இன்னொருவன் பியூரெட்டில் 10 சி.சி. டீசல் இறங்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பிடிப்பான். சுமையில்லாதபோது ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், முழுச் சுமையில் அரை நிமிடம்கூட ஆகாது. அட்டவணையின் முதல் வரியில் பயனுறுதிறன் பூஜ்யம், கடைசி வரியில் 25 சதவீதம் பக்கம். ரெக்கார்டு நோட்டில் அந்த வளைகோட்டை வரைந்து, கையெழுத்து வாங்கியதோடு மறந்துபோனோம். எரிபொருள் மின்கலக் காரையும் எஞ்சின் காரையும் ஒப்பிட முதலில் தேவைப்படுவது அந்த வளைகோடுதான்.

எஞ்சின்காரர்களின் மரபு 1824இல் சாடி கார்னோ எழுதிய சிறு நூலில் தொடங்குகிறது. வெப்பத்தை வேலையாக்கினால் ஒரு பங்கு கழிந்தே தீரும் என்று அவர் வைத்த வேலியை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 1897இல் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் சோதனையில் 26.2 சதவீதம் காட்டியது. அக்கால நீராவி எஞ்சின்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிய எண் அது. பெட்ரோல் எஞ்சின் 40ஐத் தொட அதற்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2015இல் வந்த டொயோட்டா பிரியஸில்தான் தொட்டது.

எரிபொருள் மின்கலத்தின் மரபில் தீயே கிடையாது. 1839இல் வேல்ஸைச் சேர்ந்த வழக்கறிஞர் வில்லியம் குரோவ், பிளாட்டினத் தகடுகளில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேரவிட்டு மின்சாரம் எடுத்தார். எரிக்காததால் கார்னோவின் வேலி இங்கே செல்லாது. ஆனால் வேறு வேலி உண்டு: ஒரு கலம் கொள்கையளவில் 1.23 வோல்ட் தர வேண்டும், ஓட்டத்தில் 0.7 பக்கம்தான் தருகிறது. மிச்சம் வெப்பமாகப் போகிறது.

விளம்பரத்தாள்களில் வரும் '60 சதவீதம்' என்ற எண்ணைப் பார்த்தால், எந்த அளவுகோலில் அளந்தது என்று கேளுங்கள். புகையோடு ஆவியாய்ப் போகும் நீரின் வெப்பத்தைக் கணக்கில் விட்டால் ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட், சேர்த்தால் 39. முதல் கணக்கின் 60, இரண்டாவதில் 51 ஆகிவிடும். பெட்ரோலுக்கு இந்த வித்தியாசம் சிறியது. இரண்டு கடைக்காரர்கள் ஆளுக்கொரு படியில் அளந்தால் யார் அரிசி மலிவு என்று எப்படிச் சொல்வது?

படியை ஒன்றாக்கினாலும் மின்கலம் ஜெயிக்கிறது. ஆனால் காரணம் உச்ச எண் அல்ல. சுமை குறையக் குறைய எஞ்சினின் கோடு கீழே சரிகிறது. மின்கலத்தின் கோடோ, மின்னோட்டம் குறைந்தால் வோல்ட் ஏறுவதால், மேலே போகிறது. (மிகக் குறைந்த சுமையில் காற்று அமுக்கியும் பம்பும் தின்றுவிடும் என்பது வேறு கதை.) ஊருக்குள் ஓடும் கார் பெரும்பாலும் குறைந்த சுமையில்தான் கிடக்கிறது.

அப்படியென்றால் எஞ்சினைக் குறைந்த சுமையில் விடாமலிருந்தால்? பிரியஸ் செய்வது அதைத்தான். சிக்னலில் எஞ்சினையே நிறுத்திவிடும். அமெரிக்க அரசின் 2016ஆம் ஆண்டுச் சோதனைக் கணக்கில், ஒரு கேலன் பெட்ரோலில் பிரியஸ் 52 மைல் போனது. அதே நிறுவனத்தின் மின்கலக் கார் மிராய், அதே அளவு ஆற்றலில் 66 மைல். விளம்பரம் பார்த்தவர் எதிர்பார்த்திருக்கும் இடைவெளி இதைவிடப் பெரியது.

டேங்கிலிருந்து அளக்கும்வரை இப்படி. பங்கிலிருந்து பின்னோக்கிப் போனால் மிராய்க்குச் சங்கடம். தண்ணீரை மின்னாற்பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் போகிறது. 700 பார் அழுத்தத்துக்கு அமுக்க இன்னும் கொஞ்சம். சக்கரத்துக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 16, 17 யூனிட். இதை வைத்துப் பார்த்தால் எஞ்சினை வென்றதாக மார்தட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த 50 யூனிட்டை நேரே பேட்டரியில் ஏற்றினால் கார் இன்னும் வெகுதூரம் போகும் என்பதை மிராய் ரசிகர்களும் அறிவார்கள்.

ரயிலில் நிலைமை கொஞ்சம் வேறு. ஸ்டேஷனில் நிற்கும் டீசல் ரயில், உறுமிக்கொண்டே நம் அட்டவணையின் முதல் வரியை எழுதிக்கொண்டிருக்கும். ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் பாதைக்கான ஹைட்ரஜன் ரயில் பெட்டியை 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப்.பில் சோதித்தார்கள். அது ஓடும்போது நான் பார்க்க விரும்புவது உச்ச வேகத்தை அல்ல. நடுவழி ஸ்டேஷன் ஒன்றில் நிற்கும் நிமிடங்களில் அது எத்தனை கிராம் ஹைட்ரஜன் குடிக்கிறது என்பதைத்தான்.