தமிழில் விஞ்ஞானியர் வரலாறு: ஒரு மதிப்பீடு

இந்திய விஞ்ஞானிகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டுவரும் வாழ்க்கை வரலாறுகளை ஒருங்குவைத்து நோக்குமிடத்து, அவற்றிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருத்தல் தெளிவாகும். இளமையில் வறுமை, இடையில் வியப்பூட்டும் ஒரு சம்பவம், ஈற்றில் விருது என்னும் மூன்றையும் இணைத்துவிட்டால் வரலாறு நிறைவுற்றதாகக் கருதப்படுகின்றது. இராமானுஜன், இராமன், சலீம் அலி, அப்துல் கலாம் ஆகியோர் வெவ்வேறு துறையினர், வெவ்வேறு இயல்பினர். ஆயினும், இவ்வரலாறுகளிற் பெயரை மாற்றிவிட்டால் ஒருவர் கதை மற்றவருக்குப் பொருந்திவிடும். அவர்கள் எதனை அறிய முயன்றார்கள், எவ்வாறு அறிந்தார்கள் என்பன மட்டுமே ஒருவரை மற்றவரிலிருந்து வேறுபடுத்துவன. அவையே எழுதப்படாமல் விடப்படுகின்றன.

இவ்வச்சு எங்கிருந்து வந்தது என்பதை அறிவது கடினமன்று. அடியார் புராணங்களும் வலிமாரின் கறாமத்துகளைப் பாடும் மாலைகளும் கிஸ்ஸாக்களும் நூற்றாண்டுக்கணக்காக வழங்கிவந்த சமூகத்தில், பெரியோர் வரலாறு என்றதும் அற்புதத்தை எதிர்பார்ப்பது இயல்பே. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று ஈறாகவும், அதற்கப்பால் சாகாமத்து வயல்வெளிகள் வரையிலும் உள்ள அம்பாறைக் கரையோர ஊர்களில் இம்மரபு இன்றும் உயிர்ப்புடன் இருக்கின்றது. அம்மரபிற் குறைகாண்பது இங்கு நோக்கமன்று. அற்புதம் அடியாரின் இலக்கணம். விஞ்ஞானியின் இலக்கணமோ ஐயம். ஒன்றன் வடிவத்தை மற்றொன்றுக்கு அணிவித்தமையே பிழையாயிற்று.

இராமானுஜன் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம். நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தவரைக் காணவந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகைக் காரின் இலக்கம் 1729 என்றும், அது சிறப்பற்ற எண் என்றும் கூறினார். உடனே இராமானுஜன் மறுத்து, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. இச்சம்பவத்தைச் சொல்லாத நூல் இல்லை. சொல்லிவிட்டு, 'தெய்வ அருள்' என்று முடிப்பதே வழக்கமாயிற்று. ஆனால், கனங்களின் கூட்டுத்தொகை பற்றிய சமன்பாடுகளை இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன்பே ஆராய்ந்து குறிப்பேடுகளில் எழுதியிருந்தார். 1976 இல் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றிற் கண்டெடுக்கப்பட்ட, அவருடைய இறுதிக்காலத் தாள்களிலும் அதே சிந்தனை தொடர்கின்றது. இரண்டு கனங்களின் கூட்டுத்தொகை இன்னொரு கனத்துக்குச் சமமாகாது. எனினும், ஒன்று மட்டும் கூடியோ குறைந்தோ சமத்தை நெருங்கிவரும் எண்களை அவர் தேடிக்கொண்டிருந்தார். 1729 என்பது 12 இன் கனத்திலும் ஒன்று கூடியது. 135, 138 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 172 இன் கனத்திலும் ஒன்று குறையும். ஆகவே, கார் இலக்கம் கேட்ட மாத்திரத்தில் வானத்திலிருந்து விடை இறங்கவில்லை. பல்லாண்டு உழைப்பு அவ்வேளையில் வாய்திறந்தது. உழைப்பை மறைத்து அருளை மட்டும் காட்டும் வரலாறு இராமானுஜனை உயர்த்துவதாக எண்ணிக்கொண்டு அவருக்குரியதையே பறித்துவிடுகின்றது.

அவருடைய கணிதம் சாதாரண வாசகனுக்கு எட்டாது என்பர். முழுவதும் எட்டாது என்பது மெய், வாயிற்படி எட்டும். ஐந்து மூடை நெல்லை எத்தனை விதமாகக் குவியல்களாக்கலாம் என்று கேட்டால், ஏழு விதம் என்று சிறுவனும் எண்ணிச் சொல்வான். நூறு மூடையாயின் 19,05,69,292 விதம். எண்ணி முடியாத இதனைக் கணித்தறிய ஹார்டியும் இராமானுஜனும் 1918 இல் ஒரு சூத்திரத்தைத் தந்தனர். களத்துமேட்டில் வைத்து விளக்கக்கூடிய இவ்விடயத்தை விட்டுவிட்டு, நாமகிரித் தாயார் கனவில் வந்த செய்தியை மட்டும் எழுதுவது வாசகனின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

இராமன் வரலாற்றில் வேறொரு குறை. 1921 இல் கப்பற் பயணத்தின்போது கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார் என்று எழுதுவர். வியந்தவர் கோடிப்பேர், இராமன் ஐயுற்றார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது ரேலி பிரபுவின் கருத்து. நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறிக்கும் ஒளியை நிக்கோல் அரியத்தினால் மறைத்துப் பார்த்தபோதும் நீலம் எஞ்சிநின்றது. ஆகவே அந்நிறம் நீரே ஒளியைச் சிதறச்செய்வதால் வருவது என்று அவர் கொண்டார். கையடக்கமான ஒரு கருவியோடு பெரியார் ஒருவரின் கூற்றைச் சோதித்த இச்செயலன்றோ வரலாற்றின் உயிர்நிலை? இன்னுமொன்று: 1928 இல் கல்கத்தாவில் நிகழ்ந்த கண்டுபிடிப்பை அறிவித்த 'நேச்சர்' இதழ்க் குறிப்பில் இராமனுடன் கையொப்பமிட்டவர், வத்திராயிருப்பிற் பிறந்த தமிழர் கே. எஸ். கிருஷ்ணன். நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே 1930 இற் கிடைத்தது. தமிழ் நூல்கள் பரிசைப் பின்பற்றிக் கிருஷ்ணனைக் கைவிட்டன. தமிழரைப் போற்றப் புறப்பட்ட எழுத்தே ஒரு தமிழரை மறந்தமை நகைப்புக்குரிய முரண்.

சலீம் அலியின் வரலாறு இக்கரையோர வாசகனுக்கு மிக நெருங்கியதாய் அமைந்திருக்க வேண்டியது. 1896 இல் பம்பாயிற் பிறந்த அவர், சிறுவயதிற் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் கழுத்து மஞ்சளாக இருக்கக்கண்டு, அது எவ்வினம் என்று அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடிய கதை பலரும் அறிந்தது. கட்டுரைகள் அக்குருவியிலிருந்து எழுந்து நேராகப் பத்ம விபூஷணில் இறங்கிவிடுகின்றன. இடையில் அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட வேலை கிடக்கின்றது. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்.

1930 இல், கைக்கு வேலையில்லாதிருந்த காலத்தில், பம்பாய்க்கு அப்பால் உள்ள கிகிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் அவர் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். அக்குருவி மின்மினியைப் பிடித்துக் களிமண்ணிற் பதித்துக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்பது கேட்டுப் பழகிய கதை. முடிவுறாது தொங்கும் கூடுகள் ஆண்குருவி ஊஞ்சலாடக் கட்டியவை என்பாரும் உளர். சலீம் அலி கண்டது யாதெனின்: கூட்டைப் பின்னுவது ஆண், அதனைப் பாதியளவு முடித்ததும் பெட்டைகள் வந்து உள்ளே நுழைந்து சோதிக்கும், பெட்டை ஏற்றுக்கொண்ட கூட்டுக்கே ஆண் நீண்ட வாயிற் குழலைப் பின்னி முடிக்கும், அது முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெட்டையை எதிர்பார்க்கும். பெட்டை ஏற்காத கூடுகள் அரைகுறையாகவே தொங்கும். ஒரே ஆணுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல குடும்பங்கள் அமையும் இம்முறை அவருடைய கவனிப்பினாலேயே துலங்கிற்று.

இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு குறிப்புப் புத்தகமும் வேண்டும். சாகாமத்து வயலோரத்து மரங்களிலும் தூக்கணாங்குருவி நெற்தாளைக் கிழித்துக் கூடு பின்னத்தான் செய்கின்றது. இதனை வாசித்த ஒரு மாணவன் அடுத்த நாள் அம்மரத்தின் கீழ் நின்று பாதிக்கூடுகளை எண்ணக்கூடும். சலீம் அலி சொன்னது சரிதானா என்று பார்க்கவும் கூடும். விருதுகளின் பட்டியலை வாசித்த மாணவன் என்ன செய்வான்? மனப்பாடம் செய்வான். தில்லன் ரிப்லியுடன் சேர்ந்து அவர் 1968 முதல் 1974 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிப் பறவை நூல் இலங்கைப் பறவைகளையும் உள்ளடக்கியது. குமண பறவைகள் சரணாலயத்தைத் தன்னகத்தே கொண்ட மாவட்டத்தில் இச்செய்தி அதிகம் அறியப்படாதிருத்தல் வருந்தத்தக்கது.

இனி அப்துல் கலாம். இக்கரையின் முஸ்லிம் ஊர்களில் இவரளவு பேசப்பட்ட இந்திய விஞ்ஞானி வேறொருவர் இலர். தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிகளில் இவர் பெயர் ஒலிப்பது வழமை. காரணம் வெளிப்படை: படகு கட்டும் தந்தை, கடலோர ஊர், தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம், ஓடும் புகையிரதத்திலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கும் சிறுவன். மருதமுனையிலும் நிந்தவூரிலும் உள்ள பிள்ளைகள் இதில் தம் வீட்டைக் காண்கின்றனர். இந்த அடையாளங் காணலை இகழ்தல் தகாது. எனினும் பேச்சுகள் இராமேஸ்வரத்திலேயே நின்றுவிடுகின்றன.

அருண் திவாரியுடன் இணைந்து கலாம் எழுதி 1999 இல் வெளிவந்து, 'அக்கினிச் சிறகுகள்' எனத் தமிழாக்கம் பெற்ற தன்வரலாறு இப்பேச்சுகளைவிட மேலானது. அதன் வலிமை இளமைப் பகுதியிலன்று, 1979 ஆகஸ்ட் 10 ஆம் நாளைப் பற்றிய பகுதியிலேயே தங்கியுள்ளது. அன்று சிறீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவுகலம், 22 மீற்றர் உயரமும் 17 தொன் நிறையும் கொண்டது. 317 செக்கன்களில் வங்கக் கடலில் வீழ்ந்தது. முதற்கட்டம் செம்மையாக இயங்கிற்று. இரண்டாங் கட்டத்தின் கட்டுப்பாடு தவறிற்று. ஆராய்ந்தபோது, மாசு படிந்தமையால் ஒரு வால்வு மூடாதிருந்து, ஏவுமுன்னரே நைத்திரிக்கமிலம் கசிந்து தீர்ந்துவிட்டமை தெரியவந்தது. பல்லாண்டு உழைப்பைக் கடலுக்கு அனுப்பியது ஒரு துளி மாசு. 1980 ஜூலை 18 இல் மறுமுறை ஏவப்பட்டு, ரோகிணி செய்மதி சுற்றுப்பாதையை அடைந்தது.

தோல்வியன்று சதீஷ் தவான் பத்திரிகையாளரைத் தாமே எதிர்கொண்டு, வெற்றியன்று கலாமை முன்னிறுத்திய பண்பு எல்லா மேடைகளிலும் சொல்லப்படுகின்றது. நன்று. ஆனால், அந்த வால்வைப் பற்றிச் சொல்வார் எவருமில்லை. தலைமைப் பண்பு பற்றிய பாடம் வேண்டியவர்க்கு அக்கதை போதும். விஞ்ஞானத்தின் பண்பை அறிய விரும்புவோர்க்கோ, தோல்வியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஊகங்களை ஒவ்வொன்றாக விலக்கி, ஒரு வால்வில் வந்து நின்ற அந்த விசாரணையே வேண்டியது. கலாம் ஒரு பொறியியலாளர். பலரின் அறிவை ஒருமுகப்படுத்தியவர். அவரைத் தனியொருவராக ஏவுகணையைக் 'கண்டுபிடித்தவர்' என்பது அவருக்கும் அவருடன் உழைத்தவர்களுக்கும் செய்யும் அநீதி.

மற்றொன்றையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. செய்மதி ஏவிய அதே அறிவு 1989 இல் அக்கினி ஏவுகணையாகவும் வெளிப்பட்டது. 1998 இல் பொக்ரானில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனையிலும் கலாமுக்கு முக்கிய பங்கு உண்டு. 'அக்கினிச் சிறகுகள்' இவ்வாயுதங்களைத் தேசத்தின் தன்னிறைவாகவே காண்கின்றது. அவை யார்மீது விழும் என்னும் வினா அதில் அழுத்தம் பெறவில்லை. முப்பதாண்டுப் போரின் நடுவே வாழ்ந்த கிழக்குக் கரையின் பேச்சாளர்களும் அவ்வினாவை எழுப்பாமல் ஏவுகணைக்குக் கைதட்டுவது வியப்பைத் தருகின்றது.

இலட்சிய மாந்தரைக் காட்டுவதே இளைஞருக்கு வேண்டியது, நுட்பம் பிறகு வரும் என்று வாதிடுவோர் உளர். இலட்சியம் வேண்டாமென்று எவரும் கூறார். ஆயின், வால்வைத் தேடிய பொறுமையும் பாதிக்கூட்டை எண்ணிய கவனமும் இலட்சியமல்லாமல் வேறென்ன? தமிழிற் சொற்கள் இல்லை என்னும் மற்றைய வாதமோ இப்பகுதியிற் கூறத்தகாதது. இலங்கையில் உயர்தர வகுப்புவரை விஞ்ஞானம் தமிழில் நடக்கின்றது. கல்முனைக்கு அயலிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி; தமிழ்க் கலைச்சொல்லாக்க முயற்சிக்கு 1936 இல் சென்னையில் தலைமை தாங்கியவர். இராமன் மிருதங்கத்தின் நடுவிலுள்ள கரும்பசை அதன் ஒலிகளை எவ்வாறு இசைவுபடுத்துகின்றது என்று ஆராய்ந்த காலத்திலேயே, அடிகள் மறைந்துபோன யாழின் நரம்புகளை விகிதக் கணக்கினால் மீட்கத் தொடங்கியிருந்தார். 1947 ஜூனில் அரங்கேறிய 'யாழ் நூல்' எண்களையும் கணக்குகளையும் தமிழ் உரைநடைக்குள் அச்சமின்றிக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவருடைய வரலாற்றை எழுதியவர்களும் துறவையும் புலமையையும் போற்றிவிட்டு, அக்கணக்குகளுள்ள பக்கங்களைப் பெரும்பாலும் புரட்டிச் சென்றுவிட்டனர்.