முகமும் பெயரும்: உரியவர் அறியப்படாத பழைய ஒளிப்படங்களை வாசித்தல்

முன்னுரை

பழம்பொருள் கடையிலோ மூடப்பட்ட ஒளிப்பட நிலையத்திலோ கிடைக்கும் ஒரு படத்தைக் கொண்டு, அதிலுள்ளவரின் வாழ்க்கையைக் கற்பித்து எழுதுவது இன்று புனைகதைக்கும் கட்டுரைக்கும் பொதுவான உத்தியாக உள்ளது. அக்கற்பனை எதனை ஆதாரமாகக் கொள்ள வேண்டும், எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதைத் தமிழக ஒளிப்பட நிலையப் படங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

படங்களின் இருப்பு

விழுப்புரம் மாவட்டத்தை அடுத்துள்ள புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையுடன், தமிழக ஒளிப்பட நிலையங்களின் பழைய படங்களைத் தேடி மின்னுருவாக்கம் செய்தது. 1880 முதல் 1980 வரையிலான காலத்தை அம்முயற்சி எல்லையாகக் கொண்டது. தன்னையும் குடும்பத்தையும் உருப்படுத்திக் காட்டல் என்பது அத்திட்டத்தின் தலைப்பில் இடம்பெற்ற கருத்து. இப்படங்களை வாசிப்பதற்கான திறவுகோலும் அதுவே.

காட்சியும் மயக்கமும்

நிலையத்தில் எடுக்கப்பட்ட படத்தில் காணப்படும் பொருள்கள் பெரும்பாலும் அமர்ந்திருப்பவருடையவை அல்ல. மாளிகைத் தூண்கள் தீட்டிய திரைச்சீலை, நாற்காலி, பூச்சாடி முதலியன நிலையத்தின் உடைமைகள். கோட்டும் கைக்கடிகாரமும்கூட இரவலாக இருக்கலாம். கையில் புத்தகத்துடன் நிற்கும் பெண்ணைக் கண்டு அவர் கல்வி கற்றவர் எனக் கதை புனைவோர் இவ்விடத்தில் பிழைபடுகின்றனர். இறுகிய முகத்தைத் துயரமாகக் கொள்வதும் அத்தகையதே. படமெடுக்கும்போது சிரிக்காதிருத்தல் அக்கால ஒழுங்கு.

இம்மயக்கத்தின் எல்லையை இறந்தோர் படங்கள் காட்டுகின்றன. இறந்தவரை அமரவைத்துப் படமெடுத்து, மூடிய கண்களின்மேல் திறந்த கண்களைத் தூரிகையால் தீட்டும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. உயிர்ப்புள்ள பார்வை என ஒருவர் வியப்பது ஓவியரின் கைவேலையாக இருக்கக்கூடும்.

ஆயினும் இரவல் பொருள் பொய்ச்சான்று ஆகாது. புத்தகத்தை ஏந்தி நிற்க ஒருவர் உடன்பட்டார் என்பது உண்மை. வாழ்ந்த வாழ்வைவிடத் தாம் எவ்வாறு காணப்பட வேண்டும் என்ற விருப்பத்தையே இப்படங்கள் உறுதியாகப் பதிவுசெய்கின்றன. எனவே கற்பனை அவ்விருப்பத்திலிருந்து தொடங்குவது பொருந்தும்.

நடுகல்லும் ஒளிப்படமும்

செங்கம் பகுதி நடுகற்களுடன் ஒப்பிடும்போது இழப்பின் தன்மை தெளிவாகும். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனைக் குறிப்பிடுவதோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற நாயின் பெயர் கோவிவன் என்பதையும் தருகிறது. கல்லிலுள்ள உருவம் பொதுவானது. பெயரும் செயலுமே அவ்வீரனை அடையாளப்படுத்துகின்றன. ஒளிப்படத்திலோ முகம் ஒருவருக்கே உரியதாக இருக்க, பெயர் எங்கும் இல்லை. பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து ஒரு நாயின் பெயர் நிலைத்திருக்க, மூன்று தலைமுறைக்கு முற்பட்ட ஒரு பாட்டியின் பெயர் மறைந்துவிடுகிறது. வீட்டுச் சுவரில் இருந்தவரை அப்படத்திற்குப் பெயர் தேவைப்படவில்லை. அதனைச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தனர். படம் வீட்டைவிட்டு வெளியேறும்போதுதான் பெயர் அறுபடுகிறது.

கற்பனையின் கடமை

தம் தாயின் சிறுவயதுப் படத்தைப் பற்றி 1980இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதிய ரோலான் பார்த், அப்படத்தை மட்டும் நூலில் அச்சிடவில்லை. உறவினர் அல்லாதார்க்கு அது வெறும் பழைய படமாகவே தோன்றும் என அவர் கருதினார். பெயரறியாப் படத்தைப் பொறுத்தவரை எழுதுபவர் அத்தகைய அயலாராகவே நிற்கிறார். இல்லாத உறவை நடையழகால் உண்டாக்கி, கற்பித்த பெயரை உண்மைபோல் வழங்குவது, உரிய பெயர் திரும்பி வருவதற்கான வழியை அடைத்துவிடும். படத்தின் பின்புறமுள்ள முத்திரை, கையெழுத்து, கிடைத்த இடம் ஆகியவற்றை முதலில் பதிவுசெய்தல் வேண்டும். பின்னர் முகையூர் போன்ற சிற்றூர்களின் முதியோரிடம் படத்தைக் காட்டிக் கேட்டல் வேண்டும். அவர்கள் உள்ளவரையே இவ்வாய்ப்பும் உள்ளது.

முடிவுரை

உரியவர் அறியப்படாத படத்தின்மேல் கற்பனை செய்வது தவறன்று. நிலையத்தின் மரபை அறிந்து, தேடலை முடித்து, கற்பனையைக் கற்பனை என்றே அறிவித்து எழுதும்போது அது மறக்கப்பட்டோருக்குச் செய்யும் மரியாதையாகிறது. தேடலுக்கு மாற்றாக வரும்போது, எஞ்சியிருந்த முகத்தையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.