கோர் ரோரி பானை ஓடு: சான்றும் மிகைக்கூற்றும்

ஓமான் நாட்டின் தோஃபார் பகுதியில் உள்ள கோர் ரோரியில் 2006-ஆம் ஆண்டு தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. இது பாண்டத்தின் தோள்பகுதியை மறுபடி பயன்படுத்திச் செய்த மூடியின் துண்டு ஆகும். இதில் உள்ள பெயர் 'ணந்தை கீரன்' என வாசிக்கப்பட்டுள்ளது. இதன் காலம் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படுகிறது.

இடத்தின் வரலாறு

கோர் ரோரி, சலாலா நகருக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. இங்கிருந்த துறைமுக நகரின் பெயர் சும்குரம். ஷப்வாவைத் தலைநகராகக் கொண்ட ஹத்ரமவுத் அரசு இதை நிறுவியதை நகர வாயிலில் உள்ள தென் அரபுக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. தோஃபார் மரங்களிலிருந்து வடித்த குந்திரிக்கமே நகரின் முதன்மை ஏற்றுமதி. குந்திரிக்க நிலம் என இப்போது அழைக்கப்படும், யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டு அறிவித்த உலகப் பாரம்பரியக் களங்களுள் இதுவும் ஒன்று.

மிகைக்கூற்றுகள்

இந்த ஓட்டைக் கொண்டு ஓமானில் தமிழர் குடியேற்றம் இருந்தது, தமிழர் ஆதிக்கம் நிலவியது என்று எழுதுவோர் உண்டு. ஓர் ஓடு அவ்வளவு பாரத்தைத் தாங்காது. பெயர் எழுதியவர் வணிகரா, மாலுமியா என்பதை ஓடு சொல்லவில்லை. உரியவர் வராமலே பாண்டம் மட்டும் கடல் கடந்திருக்கவும் கூடும்.

மதிப்பீடு

ஆயினும் இச்சான்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'எரித்திரியக் கடல் பெரிபுளூசு' மொசுகா என்னும் துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. ஆய்வாளர் பலர் அதைச் சும்குரமாகவே கொள்கின்றனர். சேரநாட்டுத் துறைமுகங்கள் அடங்கிய லிமிரிகேயிலிருந்து பருவம் தப்பி வந்த கப்பல்கள் குளிர்காலத்தை அங்கே கழித்தன. துணி, தானியம், எண்ணெய் கொடுத்து அரச அலுவலரிடம் குந்திரிக்கம் பெற்றன என்கிறது அந்நூல். காற்று மாறும் வரை மாதக்கணக்கில் தங்கிய கப்பலாட்களிடம் பெயர் எழுதிய பாண்டம் இருந்திருப்பது இயல்பே. பாண்டத்தில் பெயர் எழுதும் வழக்கம் கொங்குநாட்டுக் கொடுமணலிலும் பரவலாகக் காணப்படுகிறது. எகிப்தின் குசேர் அல்-காதிமிலும் தமிழ்ப் பெயர் எழுதிய ஓடுகள் கிடைத்துள்ளன.

தமிழ்க் கட்டுரைகளின் பெருங்குறை வேறொன்று. கீரனைப் பேசும் அவை, அவனுக்குத் துறைமுகம் தந்த ஹத்ரமவுத் மக்களைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. அவர்களுக்கும் தனி எழுத்தும் அரசும் வணிக ஒழுங்கும் இருந்தன. வணிகம் இருதரப்பினர் செயல். ஒருதரப்பை மட்டும் எழுதினால் வரலாறு பாதியாகிவிடும்.