அறிவித்தலும் அழைத்தலும்: சமூகக் குழுக்களின் மடல்மொழி

ஒரு சமூகக் குழு தன்னைப் பிறருக்கு அறியத்தரும்பொருட்டு எழுதும் உரைநடை, தமிழ்த் திறனாய்வாளரின் கவனத்தை அதிகம் பெற்றதில்லை. கவிதையும் நாவலும் ஆராயப்பட்ட அளவிற்குச் சுற்றுநிருபமும் துண்டுப்பிரசுரமும் சந்தா வேண்டும் மடலும் ஆராயப்படவில்லை. ஆயினும், ஒரு சமூகம் தன்னை எவ்வாறு காண்கின்றது, யாரைத் தன் கேட்போராகக் கருதுகின்றது என்பவற்றை இவ்வெழுத்துக்களே ஒளிவுமறைவின்றிக் காட்டுவன. மின்னஞ்சலும் இணையத்தளமும் இன்று இவ்வெழுத்தின் புதிய களங்களாகியுள்ளன. கண்டி – மாத்தளை வீதியில் அமைந்த அக்குறணையையும் அதன் சூழலையும் முன்வைத்து இம்மடல்மொழியை மதிப்பிடுவது பயனுடைத்து.

இம்மதிப்பீட்டிற்கு அளவுகோலாகக் கொள்ளத்தக்க முன்னோடி கண்டி மண்ணிலேயே உண்டு. 1838இல் கண்டியிற் பிறந்து சட்டத்தரணியாக விளங்கிய சித்திலெப்பை, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். புகையிரதம் 1867இல் கண்டியையும் 1880இல் மாத்தளையையும் அடைந்திருந்தது. அச்சிட்ட தாள் மலைநாட்டின் ஊர்களுக்கு விரைந்து செல்ல வழி பிறந்த காலம் அது. ‘அஸன்பேயுடைய சரித்திரம்’ (1885) என்னும் நாவலின் ஆசிரியராகவே இலக்கிய வரலாற்று நூல்கள் சித்திலெப்பையைப் பெரிதும் நினைவுகூர்கின்றன. எனினும், சமூகத்தை ஒரு குறிக்கோளின்பால் திரட்டிய எழுத்தாளர் என்ற வகையில் அவரது இதழ்ப் பணி நாவற் பணிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

அவ்விதழின் வெற்றிக்குக் காரணம் யாது? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், ஆங்கிலத்தையும் புதிய கல்வியையும் கற்பியுங்கள், பெண்பிள்ளைகளைக் கல்வியினின்று விலக்காதீர்கள் என்று, வாசகர் தம் வீட்டிலேயே செய்யவேண்டிய ஒரு செயலை அது கோரியது. அக்கோரிக்கைக்குச் சமூகத்தின் உள்ளிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்ப்பை எதிர்கொண்டமையால் அதன் உரைநடை காரணங்காட்டி இணங்கவைக்கும் இயல்பைப் பெற்றது. பத்தாண்டுகளின் பின், 1892இல், வாப்பிச்சி மரைக்கார் முதலியோரின் துணையோடு கொழும்பில் ஸாஹிரா என இன்று வழங்கும் கல்விக்கூடம் உருவாயிற்று. ஒரு விளம்பர எழுத்தின் பயனை அளக்க இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது சான்று அக்குறணைக்கு அணித்தேயுள்ள கல்ஹின்னை ஆகும். அங்கு எஸ். எம். ஹனிபா நடத்திய தமிழ் மன்றம், ஒரு மலைநாட்டுக் கிராமத்தின் பெயரை நூல்களின் தலைப்பக்கத்தில் ஏற்றியது. பேராசிரியர் சு. வித்தியானந்தனின் ‘இலக்கியத் தென்றல்’ போன்ற நூல்கள் அம்மன்றத்தின் வெளியீடுகளாக வந்தன. மன்றத்தின் பெருமையைக் கூறும் தனி அறிக்கை எதுவும் அந்நூல்களை வாங்கியோர்க்குத் தேவைப்படவில்லை. நூலைப் புரட்டியவர் கல்ஹின்னையை அறிந்தனர். செய்த பணியே செய்தவரை அறிமுகஞ் செய்வித்தது எனலாம்.

இவ்விரு சான்றுகளின் ஒளியில் இன்றைய சமூகக் குழுக்களின் மடல்களையும் இணையப் பக்கங்களையும் நோக்குமிடத்து, அவற்றின் பொதுவான குறைபாடு தெளிவாகின்றது. தலைவர் செய்தி, செயலாளர் அறிக்கை, நிர்வாகிகளின் பெயர்ப்பட்டியல், பொன்னாடை போர்த்தும் நிழற்படங்கள் என்பன முன்னே நிற்கின்றன. குழு யாருக்காக இயங்குகின்றது, படிப்பவர் அதில் எவ்வாறு பங்குகொள்ளலாம், எந்நாளில் எங்கு வரவேண்டும், சென்ற ஆண்டு சேர்த்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்பன கடைசிப் பந்திக்குத் தள்ளப்படுகின்றன, அல்லது இடம்பெறுவதேயில்லை. இவை அறிவிக்கின்றன; அழைப்பதில்லை. பெயர் குறித்து எழுதப்படும் கடிதம் மறுமொழியை எதிர்பார்த்து நிற்கும். இணையப் பக்கமோ யாரையும் குறித்து எழுதப்படாமையால், எழுதியோரையே வியந்து நிற்கும் அபாயம் அதற்கு மிகுதியாக உண்டு. ஆகவே குறை சாதனத்தின்பாற்பட்டதன்று. முன்னிலையில் ஒருவரை நிறுத்தாமல் எழுதும் மனப்பாங்கின்பாற்பட்டது.

முன்னிலையில் நிற்பவர் யார் என்ற வினா அக்குறணையைப் பொறுத்தவரை வெறும் நடையியல் வினாவன்று. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வூரைச் சூழச் சிங்களக் கிராமங்கள் உள்ளன. பிங்கா ஓயா பெருக்கெடுத்துக் கடைத்தெருவை மூழ்கடிக்கும்போது கடைக்காரரும் வீதியிற் செல்லும் அயற்கிராமத்தாரும் ஒருங்கே இடருறுகின்றனர். 2018 மார்ச்சில் திகனையில் மூண்ட வன்செயல் அக்குறணை வரை பரவியது. அப்போது வெறுப்பைத் தூண்டிய செய்திகள் சிங்கள மொழியில் சமூக வலைத்தளங்களில் வேகமாகச் சுழன்றன. அரசு அத்தளங்களைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. தன் தளம் இவ்வாறு பயன்பட்டமைக்கு பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. வதந்தி அயலவரின் மொழியிற் பேசிய வேளையில், ஊர்க் குழுக்களின் நற்பணிகள் தமிழில் மட்டும் எழுதப்பட்டிருக்குமாயின், அயலவர் அறிந்தது வதந்தியை மட்டுமே ஆகும்.

சிங்களத்திலும் எழுதியிருந்தால் வன்செயல் நிகழ்ந்திராது என்று வாதிப்பது பேதைமை. அதன் வேர்கள் அரசியலிலும் பொருளாதாரத்திலும் ஆழ ஊன்றியவை. ஒரு சங்கத்தின் மடல் அவற்றைக் களையமாட்டாது. சிறு சங்கங்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் பணமும் எளிதிற் கிட்டுவதில்லை என்பதும் மறுக்கற்பாலதன்று. எனினும், வெள்ளநிவாரணம் எங்கு வழங்கப்படுகின்றது, இரத்ததான முகாம் என்று நடைபெறுகின்றது என்னும் நான்கு வரிகளை இரு மொழியில் எழுதுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வேண்டுவது, அயலவரும் தன் வாசகரே என்ற துணிவு ஒன்றேயாம்.

சித்திலெப்பை தம் சமூகத்தின் உள்ளிருந்த எதிர்ப்பாளரை முன்னிலையில் நிறுத்தி எழுதினார். இன்றைய குழுக்கள் தம் சமூகத்துக்கு வெளியே நிற்கும் அயலவரையும் முன்னிலையில் நிறுத்தி எழுதவேண்டிய காலத்தில் வாழ்கின்றன. தபாற்பெட்டியில் விழும் மடலாயினும் திரையில் விரியும் பக்கமாயினும், படித்து முடித்தவர் தாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு என உணர்வாராயின் அது சமூக இலக்கியமாகும். அவ்வுணர்வைத் தராதது எத்துணை அழகாக அமைந்தாலும் பெயர்ப்பலகையே.